லோதி ரோடா, மண்டி ஹவுஸா, ஆர்.கே.புரமா? டெல்லில படிக்கிற நம்ம பசங்களுக்கு ஒரு அலசல்

அக்டோபர் பொறந்தா போதும், டெல்லில கருத்தரங்கு, நாடகம், கச்சேரி, புத்தகத் திருவிழான்னு மார்ச் வரைக்கும் ஒரே அமளிதான், வெயில் காலத்துல விட்டதையெல்லாம் அந்த ஆறு மாசத்துலயே புடிச்சிடணும்னு ஊரே கங்கணம் கட்டிக்கும். புதுசா டெல்லி யூனிவர்சிட்டி, ஜேஎன்யூ, ஜாமியான்னு வந்து சேர்ந்த ஜூனியர்ஸ் வாட்ஸப்ல வர்ற போஸ்டரை எல்லாம் அனுப்பி "அண்ணா இதுல எதுக்குப் போலாம்"னு கேக்குறாங்க. ஒவ்வொரு போஸ்டருக்கும் தனித்தனியா பதில் சொல்ல முடியாது, அதனால ஏரியா ஏரியாவா சொல்றேன், கையில காசு கம்மி, ஹாஸ்டலுக்கு நேரத்துக்குத் திரும்பணும், இந்த ரெண்டையும் மனசுல வச்சுதான் எழுதுறேன்.

முதல்ல லோதி ரோடு. இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் (ஐஐசி, 1962ல தொறந்தது) ஹாபிடாட் சென்டரும் நடந்து போற தூரம்தான். வெளியுறவு, பட்ஜெட், தேர்தல், அரசியல் சட்டம்னு பேச்சு கேக்கணும்னா இந்த ஊர்ல இதுக்கு மேல இடம் கிடையாது, நேத்து வரைக்கும் பேப்பர்ல படிச்ச ஆளு இன்னைக்கு பத்தடி தள்ளி உக்காந்து பேசுவாரு. ஐஐசி மெம்பர்ஸ் கிளப்தான், ஆனா பொது நிகழ்ச்சிக்கு யாரு வேணாலும் போலாம், பெரும்பாலும் காசும் கிடையாது. டெல்லி யூனிவர்சிட்டி நார்த் கேம்பஸ்ல இருந்து மெட்ரோ யெல்லோ லைன்ல ஏறினா மாறாம ஜோர் பாக்ல வந்து எறங்கலாம்.

சிக்கல் எங்கன்னா கேள்வி நேரத்துலதான். சபையில பாதி பேரு ரிட்டயர்டு ஐஏஎஸ், ரிட்டயர்டு தூதர், மைக் அவங்க கைக்குப் போச்சுன்னா கேள்வியே இன்னொரு உரை ஆயிடும், கடைசில மாணவர் பக்கம் வர்றதுக்குள்ள "நேரம் முடிஞ்சிடுச்சு"ம்பாங்க. கேக்கணும்னு ஒரு கேள்வி இருந்தா நடுப்பாதை ஓரமா உக்காருங்க, பேச்சு முடிஞ்ச நிமிஷமே கையைத் தூக்குங்க, கூச்சப்பட்டா போச்சு. அப்புறம், அங்க சாப்பிடுற ஐடியாவை வச்சுக்காதீங்க, பர்ஸ் தாங்காது. ஹாபிடாட்ல மே மாசம் நடக்குற ஃபிலிம் ஃபெஸ்டிவல் மட்டும் தனிக் கணக்கு, அந்த நேரத்துல ஊருக்கு டிக்கெட் போடாம இங்கயே இருந்தா கட்டாயம் போங்க.

மண்டி ஹவுஸ் வேற ரகம். என் ஓட்டு இதுக்குத்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. ஸ்டேஷன்ல ஏறி வெளிய வந்தா சுத்துவட்டாரத்துலயே என்எஸ்டி (தேசிய நாடகப் பள்ளி), ஸ்ரீராம் சென்டர், கமானின்னு நாடக அரங்கம், திரிவேணி கலை மையம், சாகித்திய அகாதெமி இருக்குற ரவீந்திர பவன் எல்லாம் இருக்கு, அதாவது ஒரு நிகழ்ச்சி மொக்கையா போச்சுன்னா எந்திரிச்சு அடுத்த கட்டடத்துக்குப் போயிடலாம், லோதி ரோட்ல அந்த வசதி இவ்வளவு கிடையாது, ஆர்.கே.புரத்துல அறவே கிடையாது. ஸ்ரீராம் சென்டர் பக்கம் டீக்கடையில நிக்குறவங்கள்ல பாதி பேரு நாடகம் பண்றவங்க, உங்க வயசுதான், பேச்சுக் குடுத்தா பேசுவாங்க.

என்எஸ்டி 1999ல ஆரம்பிச்ச பாரத் ரங் மஹோத்சவ்ங்கிற நாடகத் திருவிழா பொதுவா ஜனவரி பிப்ரவரில வரும், பல மொழி நாடகம், டிக்கெட்டும் மாணவர் கைக்கு எட்டுற விலைதான், தமிழ் நாடகம் வந்துச்சுன்னா இந்திக்கார ரூம்மேட்டையும் இழுத்துட்டுப் போங்க. அது முடிஞ்சு மார்ச்சுல ரவீந்திர பவன்ல சாகித்திய அகாதெமியோட திருவிழா, நுழைவு இலவசம், மணிப்பூரி கவிதை, மைதிலி கவிதை, தமிழ்க் கவிதைன்னு எல்லாம் ஒரே வளாகத்துல படிப்பாங்க. சபை பல நேரம் காத்தாடும், ஆனா மாணவனுக்கு அதுவே லாபம், படிச்சு முடிச்ச கவிஞரை வராண்டால நிறுத்தி அரை மணி பேசலாம், தள்ளிவிட செக்யூரிட்டி எல்லாம் கிடையாது.

இன்னொண்ணும் இருக்கு. மண்டி ஹவுஸ்ல இருந்து வயலட் லைன்ல ஒரே ஸ்டேஷன் ஜன்பத், அங்கிருந்து போராட்டம் நடக்குற ஜந்தர் மந்தர் பக்கம்தான். 2017ல அய்யாக்கண்ணு தலைமையில நம்மூரு விவசாயிங்க மண்டையோட்டோட உக்காந்த இடம். பொது விவகாரம்னா ஏசி ஹால்ல பவர்பாயிண்ட் போடுறது மட்டுமில்லையே, அங்க போயி போராடுறவங்க பக்கத்துல அரை மணி நின்னு கேட்டாலே அந்த வார செமினார்ல பேசுறதுல எது காத்து எது சரக்குன்னு தெரிஞ்சிடும். (சாயங்காலம் நாடகம், மத்தியானம் தர்ணா, ஒரே மெட்ரோ கார்டு.)

ஒரு உபரித் தகவல், திரிவேணி, ஐஐசி, ஹாபிடாட் மூணையும் வரைஞ்சது ஒரே ஆர்க்கிடெக்ட், ஜோசப் ஆலன் ஸ்டைன். ஆர்க்கிடெக்சர் பசங்க பேச்சைக் கேக்காம கட்டடத்தைப் பாத்துட்டு வந்தாலும் நஷ்டமில்ல.

ஆர்.கே.புரம் டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946ல இருந்து இருக்கு, திருவள்ளுவர் அரங்கம், நூலகம், பட்டிமன்றம், பொங்கல் விழா, கூடவே மலை மந்திர்ங்கிற முருகன் கோயில். ஹவுஸ் காஸ்ல மஜந்தா லைனுக்கு மாறி ஆர்.கே.புரம் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. வாரக் கடைசிலதான் கூட்டம் களைகட்டும், கிளாஸ் இடிக்காது. ஆனா நேர்மையா சொல்லணும்னா நிகழ்ச்சி பெருசா இங்கயே செட்டில் ஆன குடும்பங்களுக்கானது, இருபது வயசுக்காரன் நாலாவது பொன்னாடை போர்த்துறதுக்குள்ள ஃபோனை எடுத்துடுவான். அப்புறம் ஏன் போகணும்? நூலகத்துக்கு, அப்புறம் மனுஷங்களுக்கு. "தம்பி எந்த ஊரு, சாப்டியா"ன்னு கேக்குற அம்மாக்கள் லோதி ரோட்ல கிடைக்க மாட்டாங்க, ரூம் தேடறப்போ, காய்ச்சல்ல படுத்துட்டப்போ இந்தத் தொடர்புதான் ஓடி வரும். மாசம் ஒரு தடவை போனா போதும்.

ஜேஎன்யூ பசங்களுக்கு இந்தப் பஞ்சாயத்தே தேவையில்ல, ராத்திரி மெஸ்ல சாப்பாடு முடிஞ்ச கையோட அங்கயே கூட்டம் போடுவாங்க, மாணவர் சங்கத் தேர்தலுக்கு முன்னாடி தலைவர் வேட்பாளர்கள் மோதுற பிரசிடென்ஷியல் டிபேட் ஒண்ணு போதும் வருஷத்துக்கே. அதுக்கு வெளியாள் போறதுன்னா கேட்ல கெடுபிடி இருக்கும், உள்ள தெரிஞ்சவங்க இல்லாம கிளம்பாதீங்க.

ஹாஸ்டலுக்குத் திரும்பியாகணும்ங்கிற இன்-டைம் ஒன்பது மணின்னு மாட்டிக்கிட்ட தங்கச்சிங்களுக்கு நாடகம் கஷ்டம்தான், ஆறு மணி, ஆறரைக்குத் தொடங்குற லோதி ரோடு பேச்சும், பகல் முழுக்க நடக்குற மார்ச் மாச அகாதெமி விழாவும்தான் ஒத்து வரும். நாடகம்தான் பாக்கணும்னா வார்டன்கிட்ட முன்னாடியே லேட் பாஸ் எழுதி வாங்கிடுங்க, கிளம்புற அன்னைக்குப் போயி நின்னா குடுக்க மாட்டாங்க.