கால்சியம் கூடிவிட்டால்: ஆபரேஷனா, மாத்திரையா, காத்திருப்பா?

ரிப்போர்ட்டில் கால்சியம் 11.4 என்று தடித்த எழுத்தில் வந்தவுடன் பலர் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பலன் இல்லை, பால் குடித்து மட்டும் இது ஏறுவது ரொம்ப அபூர்வம். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை நார்மல். அதைத் தாண்டினால், அல்புமினையும் (கால்சியம் ஒட்டிக்கொள்ளும் ரத்தப் புரதம்) சேர்த்து மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்து கேட்க வேண்டிய டெஸ்ட் பி.டி.எச்., அதாவது ரத்தக் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன்.

பி.டி.எச். கூடியிருந்தாலோ, இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நார்மலில் நின்றாலோ, கோளாறு பெரும்பாலும் பாராதைராய்டில். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள், அதில் ஏதோ ஒன்றில் புற்றுநோய் அல்லாத ஒரு சாதாரணக் கட்டி. பி.டி.எச். அடிமட்டத்தில் இருந்தால் புற்றுநோய், காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் ஓர் அழற்சி நோய்) என்று தேட வேண்டும். விட்டமின் டி பற்றியும் கட்டாயம் கேட்க வேண்டும். வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் சாஷேயை தினம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், மூட்டுவலிக்கு 6 லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு, அது உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திய பிறகும் கால்சியம் இறங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இவர்களுக்குக் கழுத்து ஆபரேஷன் பேச்சே கிடையாது, சலைனும் ஸ்டீராய்டும்தான்.

சரி, பாராதைராய்டுதான் என்று உறுதியானவர்களுக்கு மூன்று வழி.

ஆபரேஷன்தான் நோயையே முடிக்கிறது. அனுபவமுள்ள கையில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். பல இடங்களில் கட்டியை எடுத்த 10 நிமிடத்தில், நோயாளி மேஜையில் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்: பி.டி.எச். பாதிக்கு மேல் விழுந்திருந்தால் சரியான சுரப்பியை எடுத்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் ஓரிரு நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று இருக்கலாம், கால்சியம் தாழ்கிறது, உடனே சொல்ல வேண்டும். குரல் நரம்பு பாதிக்கும் ஆபத்து சிறியது, ஆனால் இல்லாமலில்லை. அதனால் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற சர்ஜனைத் தேடிப் போங்கள், ஆஸ்பத்திரிப் பெயரைவிட அதுதான் முக்கியம். ஒரு எச்சரிக்கை: போகுமுன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் பரம்பரையாக வரும் வேறொரு நிலையாக இருக்கலாம், அதற்குக் கத்தி வைத்துப் பயனில்லை. தயாசைடு வகை பி.பி. மாத்திரை, மனநோய்க்கான லித்தியம் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை வழி எனக்குத் திருப்தி தராத வழி. சினாகால்செட் ரத்தக் கால்சியத்தை இறக்கும், எலும்பு தேறாது, குமட்டலும் சேர்ந்து வரும். அலெண்ட்ரோனேட் எலும்பை அடர்த்தியாக்கும், ரத்தக் கால்சியம் அப்படியே நிற்கும். இரண்டும் கட்டியைத் தொடுவதில்லை. மயக்க மருந்து தாங்காத இதய நோயாளிக்கு இதைத் தவிர வேறு போக்கில்லை என்பது வேறு விஷயம்.

காத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வயது 50 தாண்டி, கால்சியம் மேல் வரம்பிலிருந்து 1 மில்லிகிராமுக்குள், சிறுநீரகக் கல் இல்லை, எலும்பும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். ஆனால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வயிற்று அல்ட்ராசவுண்டும் எடுக்காமலே “ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்ளலாம்” என்று அனுப்பிவிடும்போதுதான் கோபம் வருகிறது. சத்தமில்லாமல் எலும்பு கரைந்துகொண்டிருப்பது வெளியே எப்படித் தெரியும்? 15 வருடம் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அறிகுறியில்லாமல் காத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நோய் முற்றியது. ஆகவே வருடாவருடம் கால்சியமும், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை டெக்ஸாவும் பார்த்தே ஆக வேண்டும். 50-க்குக் கீழே இருப்பவர்கள், கல் வந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஒப்பீடெல்லாம் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கும்போதுதான். கால்சியம் 14-ஐத் தாண்டி, வாந்தி, ஓயாத தாகம், பேச்சில் குழப்பம் என்றால் அன்றே அட்மிஷன். முதலில் சலைன். கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் இறக்கும், ஆனால் இரண்டு நாளில் அதன் வேகம் போய்விடும். சோலெட்ரானிக் ஆசிட் வேலையைத் தொடங்க இரண்டு, மூன்று நாள் ஆகும், ஆனால் வாரக்கணக்கில் நிற்கும், அதனால்தான் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பழுதாக இருந்தால் சோலெட்ரானிக்குப் பதில் டெனோசுமாப்.