யாரும் வெல்லாத ஆட்டத்துக்கு ஏற்ற செஸ் செட்

இந்த செட்டில் காசு கொடுக்கத் தகுந்தது கடிகாரம். விரிப்பும் காய்களும் பரவாயில்லை. கூட வரும் விதித்தாளை வீட்டுக்குப் போனதும் கிழித்துப் போட்டுவிடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

கொழும்பு புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையொன்றில் வாங்கினேன். சுருட்டும் விரிப்பு, பிளாஸ்டிக் காய்கள், டிஜிட்டல் கடிகாரம், மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தருகிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகள் கூடி விளையாடுவார்கள். பஞ்சாயத்து பண்ணுவது என் பொறுப்பு. வென்றவனும் தோற்றவனும் தெரிந்த ஆட்டத்தில் பஞ்சாயத்துக்கு வேலையே வராது. இரண்டு பேரும் வெல்ல முடியாமல் நிற்கிற ஆட்டத்தில்தான் கூச்சல் நாலாம் மாடி வரை கேட்கும். ஆகவே ஒரு செட் எனக்கு நல்லதா கெட்டதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

காய்களைப் பற்றிச் சுருக்கமாக. ராஜா ஒன்பதரை சென்டிமீட்டர், போட்டிகளுக்கு உலக செஸ் சம்மேளனமான ஃபிடே பரிந்துரைக்கும் உயரம். அடியில் எடை வைத்திருக்கிறார்கள், மெரைன் டிரைவ் பக்கமிருந்து வரும் காற்றுக்கு விழுவதில்லை. கடல் ஈரத்தில் மரப்பலகை வளைந்துபோகும், இந்த விரிப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது. புதிதில் ஓரம் சுருளும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஓர் இரவு மெத்தைக்கு அடியில் வைத்தால் சரி.

ஆளுக்கொரு ராணி கூடுதலாக வருகிறது, மொத்தம் 34 காய்கள். நல்ல விஷயம்தான், ஆனால் முதல் வில்லங்கமும் அங்கேதான். சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் ராணியாக்கிய பையன் சந்தோஷத்தில் அதை எதிராளியின் ராஜாவுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைப்பான். எதிராளிக்கு மிச்சம் மூலையில் நிற்கும் ராஜா மட்டும் என்று வையுங்கள். மூலையிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்தால், அந்த ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. இதற்குப் பெயர் ஸ்டேல்மேட், ஆட்டம் ட்ரோ, யாருக்கும் வெற்றியில்லை. உடனே கேள்வி வரும்: "அங்கிள், அவனுக்குப் போக இடமே இல்லைதானே? அப்ப நான்தானே வின்?"

விதித்தாளை எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால், அதுவும் பையன் பக்கம் பேசுகிறது! ராஜாவை நகர முடியாமல் அடைத்தவருக்கே வெற்றி என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சீனாவில் ஆடும் சியாங்சி என்ற செஸ்ஸில் நகர்த்த வழியில்லாதவர் தோற்றவர்தான். அங்கிருந்து தொற்றியதோ என்னவோ. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிர், அடைத்தவருக்கே தோல்வி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கேயும் ட்ரோ என்று மாறியது. இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், "தாளில் இருக்குதானே" என்பதுதான் பதில்.

சரி, கடிகாரம். பழைய முள் கடிகாரத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். ராஜாவைத் தவிர ஆளுக்கொரு ரூக் (யானை), வேறு காய் இல்லை, யாரும் ஜெயிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த நிலையிலும், எதிராளியின் நேரம் தீரட்டும் என்று படபடவென்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். அதில் வெல்வது விரல் வேகம். இந்தக் கடிகாரத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் காப்புரிமை வாங்கிய யோசனை அது, 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியுடன் ஆடியபோது அப்படியொரு கடிகாரத்தையே வைத்தார்கள். ஐந்து விநாடி கூட்டி வைத்த பிறகு எங்கள் இடத்தில் நேரத்தை ஓட்டி வெல்லப் பார்ப்பது குறைந்துவிட்டது. இழுத்தடித்துப் பலனில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகளே கை கொடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு உபயோகம், நகர்த்தல்களை எண்ணிக் காட்டுகிறது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இரு பக்கமும் 50 நகர்த்தல் போனால் ட்ரோ கேட்கலாம், 75 ஆனால் யாரும் கேட்காமலே ட்ரோ. கடிகாரம் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், கடைசி வெட்டு விழுந்தபோது என்ன எண் என்று ஒரு துண்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ட்ரோ கேட்க இன்னொரு காரணம் ஒரே நிலை மூன்று முறை வருவது, அதைக் கடிகாரம் சொல்லாது, அதற்கு எழுதித்தான் ஆட வேண்டும். நேரம் தீர்ந்தவருக்கு எதிரே வெறும் ராஜா மட்டும் நின்றால் அதுவும் ட்ரோதான். கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டிப் பீப் அடிக்கும், அவ்வளவுதான். நியாயத்தை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கும் இது தீர்கிற பிரச்சினை இல்லை என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். 1984இல் உலக சாம்பியன் கார்போவும் சவால் விட்ட காஸ்பரோவும் ஆறு வெற்றி எடுப்பவருக்கே உலகப் பட்டம் என்று மாஸ்கோவில் உட்கார்ந்தார்கள். 48 ஆட்டத்தில் 40 ட்ரோ. 5-3 என்று நின்றபோது, 1985 பெப்ரவரியில், ஃபிடே தலைவர் கம்போமானஸ் போட்டியையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வந்த போட்டிக்கு 24 ஆட்டம் என்று எல்லை வைத்தார்கள்.

குறை என்றால், பீப் சத்தத்தைக் குறைக்க வழியில்லை, திரைக்கு வெளிச்சமும் இல்லை. கரண்ட் போனால் கைபேசி டோர்ச்சைப் பிடிக்க ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும். வாங்கும்போது கடையிலேயே பற்றரி போட்டு, விநாடி கூட்டும் வசதி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதே பெட்டியில் அது இல்லாத ரகமும் விற்கிறார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.