யாழ்ப்பாணத்தில் காலைச் சாப்பாடு: சொதிக்காகவே போகலாம்

மதுரையிலிருந்து போன எனக்கு, யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடையில்தான் இது வேறு நாடு என்று உறைத்தது. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய உழுந்து வடையும், உள்ளே மசாலா வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் வந்தன. நான் கேட்கவில்லையே என்று பதறினேன். "விரும்பினதை எடுங்கோ அக்கா, எடுத்ததுக்கு மட்டும்தான் காசு" என்றார் பரிமாறிய தம்பி. கடைசியில் மிச்சத்தை எண்ணித்தான் பில் போட்டார்.

அப்புறம் இடியப்பம். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி இனிப்பாகத்தான் சாப்பிடுவோம். இங்கே சிவப்பரிசி மாவில் பிழிந்து, மேலே சொதி விடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், இறக்கியதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பக்கத்தில் சிவக்கச் சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல். அந்தச் சூட்டில் இடியப்பம் சொதியைக் குடித்து மெல்ல இளகும் பாருங்கள், அதற்காகவே மறுநாளும் போனேன். மீன் குழம்பு நல்ல காரம், குழந்தைகளுக்கு ஆகாது.

கை துடைக்கப் பழைய செய்தித்தாளை வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலில் மை ஒட்டுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. டீ என்றால் பாலா, பிளேன்டீயா என்று கேட்பார்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ சொல்லுங்கள். கார்டு எடுப்பதில்லை, இலங்கை ரூபாயாக மாற்றிக்கொண்டு போங்கள்.