செர்மாட்டா, கிரிண்டல்வால்டா?

சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு மலை ஊரில்தான் தங்க முடியும், எதை எடுப்பது? நான் செர்மாட்டில் தங்கினேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கிரிண்டல்வால்டில் ஒரு பகல்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலைக்காட்சியில் இரண்டும் சளைத்தவை அல்ல. கிரிண்டல்வால்டில் ஐகர் சிகரத்தின் வடமுகம், செர்மாட்டில் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரம். அதை விடுங்கள்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது பழைய ஊர்தான். 1892-இல் ஃபன் என்னும் பலத்த, வறண்ட வெப்ப மலைக்காற்றில் பரவிய தீ கிரிண்டல்வால்டின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. சுற்றுச் சரிவுகளில் பழைய பண்ணை வீடுகள் உண்டு. ஆனால் கடைத்தெருவில் நடந்தால் விடுதிகளும் கடைகளும்தான். செர்மாட்டில் பெரிய கடிகாரக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பினால் ஹின்டர்டோர்ஃப் என்ற பழைய பகுதி. வெயிலில் கருத்துப்போன லார்ச் மரக் களஞ்சியங்கள், கூரைக்குக் கற்பலகை. தானியக் களஞ்சியங்கள் குட்டையான கால்கள் மேல் நிற்கின்றன. காலுக்கும் தளத்துக்கும் நடுவே தோசைக்கல் மாதிரி வட்டமான தட்டைக் கல். ஏறிவரும் எலி அதன் விளிம்பைத் தாண்ட முடியாது, தானியம் தப்பிக்கும். குனிந்து பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும், வழிகாட்டி வேண்டாம், டிக்கெட்டும் கிடையாது. பக்கத்து அருங்காட்சியகத்தில் 1865-இல் மேட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறியவர்கள் இறங்கும்போது அறுந்த கயிறு இருக்கிறது. அன்று விழுந்து இறந்தவர்கள் நான்கு பேர்.

இன்னொன்று, கார் தொல்லை இல்லை. வெளியூர் வண்டிகள் 5 கிலோமீட்டர் தள்ளி டேஷ் என்ற ஊரிலேயே நின்றுவிடும், அங்கிருந்து ரயில். ஊருக்குள் சின்ன மின்வண்டிகள்தான். சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும், அது வேறு கதை.

செலவு? இரண்டு ஊரும் பையைக் காலி செய்யும். சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால், செர்மாட்டிலிருந்து ரயிலில் போகும் 3,089 மீட்டர் உயரக் கோர்னர்கிராட் மலைமுகட்டுக்குப் பாதிக் கட்டணம். கிரிண்டல்வால்டிலிருந்து போகும் யுங்ஃப்ராயோக் மலைக்கணவாய்க்குக் கால்வாசிதான் குறையும்.

பனிச்சறுக்கில் நான் கற்றுக்குட்டி, தீர்ப்புச் சொல்லமாட்டேன். செர்மாட்டுக்கு மேலே பனியாற்றில் கோடையிலும் சறுக்குகிறார்கள், அதுவரை தெரியும்.

யுங்ஃப்ராயோக் பார்த்தே தீரவேண்டும், நாளும் குறைவு என்றால் கிரிண்டல்வால்டே சரி. ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் 2020-இல் வந்தபின் நேரம் நன்றாக மிச்சமாகிறது. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் காலையில் மலையுச்சி வெப்கேமைப் பாருங்கள். மேகம் மூடித் திரை வெள்ளையாக இருந்தால் அன்று போகாதீர்கள்.