பி.காம் படித்தவளுக்குப் பைத்தான்: என்பிடெல் பாடம் எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எக்செல்லோடு மல்லுக்கட்டும் வேலையைப் பைத்தான் என்ற நிரல்மொழி குறைக்கும் என்று கேள்விப்பட்டு, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்' பாடத்தில் சேர்ந்தேன். 12 வாரப் பாடம். நடத்துபவர் ஐஐடி ரோப்பர் பேராசிரியர் சுதர்சன் அய்யங்கார். சேரக் கட்டணம் இல்லை, கணினி படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பாடம் அருமை. விதிகளை அடுக்காமல் விளையாட்டாக உள்ளே இழுத்துவிடுகிறார்கள். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதை நானே நிரல் எழுதிச் சோதித்தபோது புல்லரித்துவிட்டது. லிஸ்ட் (தகவல்களின் வரிசை), லூப் (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) எல்லாம் அந்தச் சாக்கில் மனதில் பதிந்தன. இப்போது கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பியோடு (நமக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியல்) ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை எடுத்துத் தருவது நான் எழுதிய சின்ன நிரல்தான்.

சிக்கல் பாடத்தில் இல்லை, கூட்டத்தில். இத்தனை பெரிய வகுப்பில் ஒவ்வொருவர் நோட்டையும் ஆசிரியர் பார்க்க முடியாது. வாராந்திரப் பயிற்சி பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. நிரல் எழுதினாலும் திருத்துவது கணினி. தப்பு என்று சொல்லும், யோசனை எங்கே பிசகியது என்று சொல்லாது. விரிவுரையும் ஆங்கிலத்தில். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறார்கள், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது பெரிய உதவி.

இப்படிப்பட்ட பெரிய வகுப்புகளில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர், தேறியவர்கள் 7,000 சொச்சம். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து, அடுப்படியையும் முடித்துவிட்டு உட்காரும்போது ஒரு பிழைச்செய்தி வந்து நின்றால், கேட்க ஆள் வேண்டும்.

எனக்குக் கேட்க அக்கா மகள் இருந்தாள். அவளும் இதே பாடத்தை எடுத்திருந்தாள். "சித்தி, அந்த வரிக்கு முன்னாடி இடம் விட்டீங்களா?" என்று போனிலேயே சரிசெய்வாள். அப்புறம் தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டியதும் என்னை இழுத்துப் பிடித்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். வாரப் பயிற்சிக்கு விடை சொல்லும் யூடியூப் சேனல்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், அந்த 75க்கு அவை உதவாது.

கல்லூரி மாணவர்கள் தயங்காமல் சேரலாம். என்பிடெல்லின் உள்ளூர்க் கிளை உள்ள கல்லூரி என்றால் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் இருப்பார். வேலைக்குப் போகிறவர்கள் கூடப் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். மாவட்ட மைய நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையை இதற்கென்று ஒதுக்கினால் எத்தனையோ பேர் பாதியில் விட மாட்டார்கள். திருப்பூரில் அப்படி ஒன்று தொடங்கினால் முதல் ஆளாக நான் வருகிறேன், புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன்.