ஃபைல் ஹேண்டிலை கேஷ் பண்ணலாமா, இல்ல ஒவ்வொரு தடவையும் ஓப்பன் பண்றதே நல்லதா? ஒரு ஒப்பீடு

ஸ்டோரேஜ் பக்கம் லைப்ரரி எழுதுற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துடும். நம்ம லைப்ரரிய கூப்பிடுற ப்ரோக்ராம் ஒரு பாத் குடுக்குது, நாம அந்த ஃபைல்ல இருந்து 4 கேபி படிச்சுக் குடுக்கணும், இதே வேலை நொடிக்கு ஆயிரக்கணக்குல வருது. ஒவ்வொரு தடவையும் ஓப்பன், ரீட், க்ளோஸ்னு போகணுமா, இல்ல ஒரு தடவை ஓப்பன் பண்ணப்ப கிடைச்ச ஹேண்டிலை (திறந்த ஃபைலைக் குறிக்கிற அடையாளம்) கையிலயே வெச்சுக்கலாமா, அதாவது கேஷ் பண்ணலாமா? நிறைய பேர் இதை வேகம் பத்தின கேள்வியா மட்டும் பாக்குறாங்க. என்னைக் கேட்டா வேகம் இதுல ரெண்டாவதுதான். அந்த ஃபைலை நம்மளத் தவிர வேற யாராவது தொடுவாங்களா, க்ளோஸ் எப்ப நடக்கணும்னு யார் முடிவு பண்றாங்க, இந்த ரெண்டும் தெரியாம கேஷ் எழுத ஆரம்பிச்சா பின்னாடி கண்டுபிடிக்கவே முடியாத பக்ல போய் மாட்டுவோம்.

கேஷே இல்லாம போறதுல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா இதை எல்லாரும் ரொம்ப குறைச்சு எடை போடுறாங்க. லினக்ஸ்ல பாத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு கெர்னலே டென்ட்ரி கேஷ்னு ஒண்ணு வெச்சிருக்கு, 2011ல வந்த 2.6.38 கெர்னல்ல இருந்து அந்தத் தேடல் பெரும்பாலும் லாக் (lock) எதுவும் எடுக்காமலே நடக்குது. அதனால லோக்கல் டிஸ்க்ல, அடிக்கடி தொடுற ஃபைலை திரும்ப ஓப்பன் பண்றது மைக்ரோசெகண்ட் கணக்குதான். டேட்டா ஏற்கனவே பேஜ் கேஷ்ல (கெர்னல் மெமரியில வெச்சிருக்கிற ஃபைல் நகல்) இருந்து, அதைச் சின்னச் சின்னதா படிக்கிறீங்கன்னா, அப்ப ரீடை விட ஓப்பனும் க்ளோஸும் சேர்ந்து அதிக நேரம் எடுக்கும், அது உண்மைதான், ஆனா டிஸ்க்குக்குப் போய்தான் படிக்கணும்னா அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. இதுல கிடைக்கிற பெரிய லாபம் வேற: பேரை வெச்சு ஓப்பன் பண்றதால எப்பவும் அந்தப் பேர்ல இப்ப இருக்கிற ஃபைல்தான் கிடைக்கும். புதுசா ஒரு டெம்ப் ஃபைல் எழுதி அதை ரீநேம் பண்ணி பழசு மேல போடுறவங்க நிறைய பேர், கான்ஃபிக் ஃபைல் எல்லாம் அப்படித்தான் மாறுது, அடுத்த ஓப்பன்லயே நமக்குப் புது ஃபைல் வந்துடும், எந்த வேலையும் செய்யாம.

இது அடிவாங்குற இடம் ரெண்டு. ஒண்ணு என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியா இன்னொரு மெஷினோட ஃபைலைப் பயன்படுத்துற ஏற்பாடு. அங்க ஒருத்தர் க்ளோஸ் பண்ணதுக்கு அப்புறம் இன்னொருத்தர் ஓப்பன் பண்ணா புதுசைப் பாக்கணும்ங்கறதுதான் ஒப்பந்தம், அதுக்காக ஒவ்வொரு ஓப்பனுக்கும் க்ளையன்ட் பொதுவா சர்வர்கிட்ட ஃபைல் விவரத்தைக் கேட்டு வரும், அதாவது தடவைக்கு ஒரு நெட்வொர்க் பயணம். இன்னொண்ணு விண்டோஸ். அங்க ஓப்பனும் க்ளோஸும் ஃபில்டர் டிரைவர்களைத் தாண்டித்தான் போகணும், ஆன்ட்டி வைரஸ் நடுவுல உக்காந்து ஸ்கேன் பண்ணும், குறிப்பா புதுசா எழுதின ஃபைலை க்ளோஸ் பண்றது ரொம்ப மெதுவா நடக்கும். ரஸ்ட் டூல்செயின் இன்ஸ்டால் பண்ற ரஸ்டப், கோடு வெர்ஷன்களைப் பராமரிக்கிற மெர்குரியல் ரெண்டுமே விண்டோஸ்ல க்ளோஸ் பண்ற வேலைய மட்டும் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிட்டது இதனாலதான்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம், திறந்ததை மூடவே மூடாத வழி. ராக்ஸ்டிபிங்கற டேட்டாபேஸ் லைப்ரரியில மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்ங்கற செட்டிங்கோட டீஃபால்ட் -1, அதாவது எல்லாமே திறந்தே இருக்கும். அவங்களுக்கு அது சரியா வருது, ஏன்னா அவங்களோட எஸ்எஸ்டி (SST, டேட்டா வெச்சிருக்கிற) ஃபைல் ஒரு தடவை எழுதினா மாறாது, எப்ப டெலீட் ஆகணும்னு முடிவு பண்றதும் அவங்களேதான். ஆனா நம்ம லைப்ரரிக்கு அப்படியே காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கணும். லினக்ஸ்ல ஒரு ப்ராசஸுக்கு சாஃப்ட் லிமிட் (இப்ப அமல்ல இருக்கிற வரம்பு, ஹார்ட் லிமிட் வரைக்கும் ப்ராசஸே உயர்த்திக்கலாம்) வழக்கமா 1024 எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்டர், திறந்த ஃபைலுக்கு கெர்னல் குடுக்கிற நம்பர்), மேக்ல 256தான். லினக்ஸ்ல சர்வீஸ்களை நடத்துற சிஸ்டம்டியோட 240ம் வெர்ஷன் 2018 கடைசியில வந்தப்ப ஹார்ட் லிமிட்டை 5 லட்சத்துக்கு மேல தூக்கிடுச்சு, ஆனா சாஃப்ட் லிமிட்டை 1024லயே விட்டுட்டாங்க, காரணம், பல எஃப்டிகளை ஒரே நேரத்துல கவனிக்கிற பழைய செலக்ட் கால். அதோட எஃப்டி செட் 1024 பிட் அளவுதான், அதுக்கு மேல நம்பர் உள்ள எஃப்டிய அதுல போட்டா வேற யாரோட மெமரியிலயோ போய் எழுதிடும்.

அதனால லைப்ரரி தானா லிமிட்டை உயர்த்துறதை நான் ஏத்துக்கவே மாட்டேன். கோ மொழி 1.19ல இருந்து ப்ரோக்ராம் ஆரம்பிக்கும்போதே சாஃப்ட் லிமிட்டை உயர்த்துது, அது ஒரு ரன்டைம், செலக்ட் பயன்படுத்துறாங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. எஃப்டி நம்ம சொத்து இல்ல, நம்மளக் கூப்பிடுற அப்ளிகேஷனோடது, அதுல அவங்க சாக்கெட் இருக்கு, லாக் (log) ஃபைல் இருக்கு, பைப் இருக்கு. நாம எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுட்டா அவங்களோட அக்செப்ட் கால் (புது நெட்வொர்க் இணைப்பை ஏத்துக்கிறது) 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'னு விழும், அந்த எர்ரர்ல நம்ம லைப்ரரி பேர் எங்கயும் இருக்காது, பாவம் அந்த ஆள் நெட்வொர்க் கோடைத்தான் தோண்டிக்கிட்டு இருப்பார்.

நடுவுல இருக்கிறது எல்ஆர்யூ கேஷ், அதாவது ஒரு அளவு வெச்சுக்கிட்டு ரொம்ப நேரமா தொடாததை மூடிடறது. இதுல படிச்சே ஆகணும்னு நான் சொல்ற கோடு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட ஃபைல் டிஸ்க்ரிப்டர் பகுதி. அங்க மேல இருக்கிற கோடுக்குக் கிடைக்கிறது நிஜ எஃப்டி இல்ல, ஒரு டேபிள்ல இருக்கிற இடத்தோட நம்பர்தான். நிஜ எஃப்டி தேவைப்பட்டா மூடப்படும், திரும்ப வேணும்னா பேரை வெச்சு திறக்கப்படும், மேல இருக்கிறவங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு ப்ராசஸுக்கு டீஃபால்ட் 1000 ஃபைல். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சின்ன விஷயம், முதல் தடவை ஓப்பன் பண்ண ஃப்ளாக்கை ஞாபகம் வெச்சுக்கும்போது 'இல்லன்னா உருவாக்கு', 'இருக்கிறதைக் காலி பண்ணு' மாதிரி ஃப்ளாக்கை எல்லாம் கழிச்சுட்டுத்தான் வெச்சுக்கும். இதை விட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, கேஷ்ல இருந்து வெளிய போன ஃபைல் திரும்பத் திறக்கும்போது மொத்த டேட்டாவும் காலி.

லெவல்டிபிங்கற டேட்டாபேஸ் லைப்ரரி இதையே ரெண்டு அடுக்கா பண்ணுது. மேல டேபிள் கேஷ், டீஃபால்ட் 1000 ஃபைல், அதுல 10ஐ மத்த வேலைக்குன்னு ஒதுக்கிட்டு மீதிக்கு 16 ஷார்டா (தனித்தனித் துண்டா) பிரிச்ச எல்ஆர்யூ. கீழ போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதிகள்) லேயர்ல, படிக்கிறதுக்குன்னு நிரந்தரமா வெச்சுக்கிற எஃப்டி சாஃப்ட் லிமிட்ல அஞ்சுல ஒரு பங்குதான், அது தீர்ந்துட்டா அப்புறம் வர்ற ஃபைல் ஒவ்வொரு ரீடுக்கும் திறந்து மூடப்படும். அதாவது பட்ஜெட் தீர்ந்தா எர்ரர் வராது, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். லைப்ரரின்னா இப்படித்தான் இருக்கணும்.

எல்ஆர்யூல உண்மையான கஷ்டம் லிஸ்ட்டை மெயின்டெய்ன் பண்றது இல்ல, யாரோ பயன்படுத்திக்கிட்டு இருக்கும்போது மூடிடறது. போசிக்ஸ்ல புது ஓப்பனுக்கு இருக்கிறதுலயே சின்ன காலி நம்பரைத்தான் குடுக்கணும்னு விதி. ஆஸ்பத்திரியில 7ம் நம்பர் டோக்கனை ஒருத்தர் திருப்பிக் குடுத்த அடுத்த நிமிஷமே அது வேற ஆளுக்குப் போற மாதிரி, ஒரு த்ரெட் 7ஐ கையில வெச்சுக்கிட்டு ரைட் பண்ணப் போகுது, அதுக்குள்ள கேஷ் அதை மூடிடுச்சு, இன்னொரு த்ரெட் ஒரு சாக்கெட் திறந்து அதுக்கு 7 கிடைச்சாச்சு, இப்ப நம்ம டேட்டா நேரா நெட்வொர்க்ல போகுது. எர்ரரே வராது. அதனால கேஷ்ல இருந்து எடுத்துக் குடுக்கிறது வெறும் நம்பரா இருக்கக்கூடாது, ரெஃபரன்ஸ் கவுன்ட்டோட (எத்தனை பேர் பயன்படுத்துறாங்கங்கற கணக்கு) இருக்கணும், கடைசி ஆள் விட்டப்புறம்தான் க்ளோஸ். ரஸ்ட்ல ஃபைலை ஆர்க்குக்குள்ள (Arc, இந்தக் கணக்கை வெச்சுக்கிற டைப்) வெச்சாலே இது வந்துடும். அதோட ஒரே ஹேண்டிலை பல த்ரெட் பகிர்ந்தா சீக் பண்ணி ரீட் பண்றது கூடாது, ஆஃப்செட் (அடுத்து படிக்கிற இடம்) எல்லாருக்கும் பொது, எந்த இடத்துல இருந்துன்னு காலோடயே சொல்ற பி-ரீட் மட்டும்தான்.

எழுதுற ஹேண்டில் தனிக் கதை. 2018ல போஸ்ட்கிரெஸ் ஆளுங்க, எழுதினதை டிஸ்க்ல சேர்த்துடச் சொல்ற எஃப்சிங்க் கால் பத்தி பெரிய விவாதம் கிளப்பினாங்க, ஞாபகம் இருக்கும். டிஸ்க்ல எழுதும்போது பின்னணியில எர்ரர் வந்தா அதை எந்த ஹேண்டிலுக்குச் சொல்றதுங்கறது பிரச்சினை. 4.13 கெர்னல்ல புது ஏற்பாடு வந்தப்ப, எர்ரர் நடந்த நேரத்துல திறந்திருந்த ஹேண்டிலுக்கு ஒழுங்கா சொல்லிடும், அப்புறமா திறந்ததுக்குத் தெரியாது. இதைப் பின்னாடி ஓரளவு திருத்தினாங்க, ஆனாலும் யாருமே திறந்து வெச்சிருக்காத ஃபைலோட ஐநோடு (ஃபைலைப் பத்தின பதிவு) மெமரியில இருந்து போயிட்டா எர்ரரும் அதோட போயிடும். எல்ஆர்யூ கேஷ் பண்றது சரியா இதுதான்: எழுதின ஹேண்டிலை மூடிட்டு, அப்புறம் எஃப்சிங்க் பண்றதுக்குன்னு புதுசா திறக்குது, எல்லாம் நல்லா இருக்குன்னு பதில் வருது. 2019 பிப்ரவரியில வந்த போஸ்ட்கிரெஸ் மைனர் ரிலீஸ்கள்ல எஃப்சிங்க் தோத்தா சர்வரே பேனிக் ஆகி ரெகவரிக்குப் போற மாதிரி மாத்திட்டாங்க. என் நிலைப்பாடு கறாரானது: எழுதின ஹேண்டிலை எஃப்சிங்க் பண்ணாம கேஷ்ல இருந்து வெளிய அனுப்பவே கூடாது, முடிஞ்சா எழுதுற ஹேண்டில் கேஷுக்குள்ளயே வரக்கூடாது.

ஒரே பேர்ல ஃபைல் மாறிக்கிட்டே இருந்தா என்ன பண்றது? அங்கதான் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோட வழி வருது. ஓப்பன் ஃபைல் கேஷ்னு அதுல ஒரு செட்டிங், டீஃபால்ட்டா ஆஃப். ஆன் பண்ணா எஃப்டி, சைஸ், மாறின நேரம் எல்லாத்தையும் வெச்சுக்கும், 60 செகண்டுக்கு ஒரு தடவை பேரை வெச்சு திரும்பப் பார்த்து ஐநோடு அதேதானான்னு சரிபார்க்கும், அதேன்னா தொடரும், இல்லன்னா புதுசு. ஸ்டேட்டிக் ஃபைலுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனா அந்த 60 செகண்டுக்குள்ள பழசுதான் போகும், கேஷ் ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸுக்கும் தனித்தனி, அதனால ஒரே யூஆர்எல்லுக்கு ஒரு வொர்க்கர் பழசையும் இன்னொண்ணு புதுசையும் குடுக்கலாம். ரீநேம் பண்ணா இதுவாவது ஒரு முழு ஃபைல், பழசோ புதுசோ. ஃபைலை அதே இடத்துல ஓவர்ரைட் பண்றவங்க இதை ஆன் பண்ணவே கூடாது, சைஸ் பழசு உள்ள இருக்கிறது புதுசுன்னு ஆகி பாதியில வெட்டின பைட்டுகள் போகும்.

எம்மேப், அதாவது ஃபைலை மெமரி மாதிரியே படிக்க மேப் பண்றது, ஒரு மாற்றுவழி, மேப் பண்ணதும் எஃப்டிய மூடிடலாம், எஃப்டி லிமிட் தொல்லை போச்சு. ஆனா மேப்புக்கும் லிமிட் இருக்கு, லினக்ஸ் டீஃபால்ட் 65530, வேற யாராவது ஃபைலைச் சின்னதாக்கினா எர்ரர் கோடுக்குப் பதிலா சிக்பஸ்ங்கற சிக்னல் வந்து ப்ராசஸே விழும். லைப்ரரிக்குள்ள சிக்னல் பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஃபைலுக்குப் பதிலா டைரக்டரி ஹேண்டிலை மட்டும் வெச்சுக்கிட்டு ஓப்பன்-அட் காலால அதுக்குள்ள இருக்கிறதைத் திறக்கிறது இன்னொண்ணு, ஆழமான பாத் இருந்தா நல்லா உதவும், இதை யாரும் அதிகமா பயன்படுத்தறதில்லைங்கறது எனக்கு வருத்தம்தான்.

எந்த கேஷா இருந்தாலும் ரெண்டு பக்கவிளைவு உண்டு. ஹேண்டிலை மூடுற வரைக்கும் டெலீட் ஆன ஃபைலோட இடம் டிஸ்க்ல திரும்ப வராது, ஃபைல்களைக் கூட்டிச் சொல்ற டியூ ஒரு கணக்கு சொல்லும், டிஸ்க்ல மிச்ச இடத்தைச் சொல்ற டிஎஃப் ஒரு கணக்கு சொல்லும். விண்டோஸ்ல ஷேர் டிலீட் (மத்தவங்க டெலீட் பண்ணலாம்ங்கற அனுமதி) இல்லாம திறந்திருந்தா டெலீட்டே பண்ண விடாது. போஸ்ட்கிரெஸ் 15ல டேட்டாபேஸை ட்ராப் பண்ணும்போது எல்லா பேக்கெண்ட் ப்ராசஸுக்கும் 'திறந்து வெச்சதை மூடுங்க'ன்னு சொல்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தாங்க, இந்த மாதிரி ஹேண்டில் தொங்கிக்கிட்டு இருக்கிறதுக்காகத்தான்.

மூடுறதும் எப்பவும் பாதுகாப்பு இல்ல, அதையும் சொல்லணும். போசிக்ஸ் லாக் (ஃபைலைப் பூட்டுறது) இருக்கே, ஒரு ப்ராசஸ் அந்த ஃபைலுக்கு வெச்சிருக்கிற எந்த எஃப்டிய மூடினாலும் அந்த ஃபைல்ல அந்த ப்ராசஸோட எல்லா லாக்கும் போயிடும். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் இதுக்காகவே லாக் இருக்கும்போது க்ளோஸைத் தள்ளிப்போடுது. நம்ம லைப்ரரி, பேக்கப்புக்குன்னு வெச்சுக்கங்க, அதே ப்ராசஸ்ல அதே டிபி ஃபைலைத் திறந்து படிச்சுட்டு மூடினா எஸ்கியூலைட்டோட லாக் சத்தமில்லாம காலி. கேஷ் இல்லாத வழிதான் இங்க அதிக ஆபத்து, தடவைக்குத் தடவை மூடுது. 2014ல 3.15 கெர்னல்ல வந்த ஓஎஃப்டி லாக்குக்கு (ப்ராசஸோட இல்லாம திறந்த ஹேண்டிலோட சேர்ந்த லாக்) இந்தக் குறை கிடையாது, ஆனா மத்தவங்க கோடு பழைய லாக்கையே பயன்படுத்தினா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.

நான் எழுதுறதா இருந்தா டீஃபால்ட்டா கேஷ் இல்லாமத்தான் குடுப்பேன். 'இந்த ஃபைல் இனிமே மாறாது'ன்னு கூப்பிடுறவர் வெளிப்படையா சொன்னா மட்டும் எல்ஆர்யூ, எத்தனை எஃப்டி எடுத்துக்கலாம்னும் அவரே சொல்லணும், ஒரு பாத்தை கேஷ்ல இருந்து தூக்குறதுக்கு ஒரு ஃபங்ஷன் வெளிய குடுக்கணும். என்எஃப்எஸ், விண்டோஸ் பக்கம் யூசர் அதிகம்னா இந்த எல்ஆர்யூ கட்டாயம் வேணும், அங்க வித்தியாசம் கண்கூடா தெரியும். ஓப்பன் பண்ணும்போது 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' வந்தா உடனே எர்ரரைத் தூக்கிப் போடாம, கேஷ்ல யாரும் பிடிச்சிருக்காத பழைய ஹேண்டில் ஒண்ணை மூடிட்டு திரும்ப முயற்சி பண்ணணும், மூடுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அப்புறம்தான் எர்ரர். போஸ்ட்கிரெஸ் அப்படித்தான் பண்ணுது.