பீர்க்கங்காய்த் தோல்: துவையலா, பொடியா?

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும், அப்போது போய்த் தோலைக் காயப்போட்டால் மூன்றாம் நாள் பூசணம்தான் மிஞ்சும். அதனால் அந்த மாதங்களில் துவையல். முற்றிய நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், புளி, தேங்காயோடு கொரகொரப்பாக அரைத்தால் சோறு தானாக இறங்கும். தேங்காய் இருப்பதால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாள்தான்.

பொடி பங்குனி வெயிலுக்கு. தோல் கையில் நொறுங்கும் வரை காயணும், தேங்காய் கூடாது, ஈரமில்லாத பாட்டிலில் வாரக்கணக்கில் கிடக்கும். இட்லிக்குச் சரி, ஆனால் எனக்கு ருசி துவையல்தான்.

எதுவானாலும் முதலில் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள், கசப்புப் பீர்க்கு வயிற்றைக் கெடுத்துவிடும்.